செண்பகத்துக்கு இடம் விடுங்கள்

நர்சரியில் செண்பகம் கேட்டால் இன்று பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஒட்டுக்கன்று. இடுப்பளவு உயரம், இலை இடுக்கில் ஏற்கெனவே இரண்டு மொட்டு. மாடித் தொட்டியிலும் வளரும், சீக்கிரமே பூக்கும் என்று சொல்லி விற்பார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தோட்டம் வைத்திருப்பவர்களும் அதையே வாங்கிப்போய் வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்து, ஆண்டுதோறும் வெட்டி வெட்டிச் செடியாகவே நிறுத்திவிடுகிறார்கள். காட்டில் நூறு அடியைத் தாண்டி, தூண்போல நேராக எழும்பும் மரம் இது. இடமே இல்லாதவர் தொட்டியில் வைத்துப் பூப் பறிப்பதில் குறையில்லை. இடம் உள்ளவர் மட்டுமாவது செண்பகத்தை மரமாக வளர விட வேண்டும். அதற்கு விதைக்கன்றாக வாங்கி, வீட்டிலிருந்து தள்ளி, ஆழமான மண்ணில், ஒரே தடவை நட்டு, பிறகு இடம் மாற்றாமல் இருக்க வேண்டும்.

செண்பகம் மாக்னோலியா குடும்பத்து மரம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். லின்னேயஸ் 1753-இல் இதற்கு மிக்கேலியா சம்பகா என்று பெயர் வைத்தார். பிற்பாடு மரபணு ஆய்வுகள் மிக்கேலியாவைத் தனிப் பேரினமாக வைக்க இடமில்லை என்று காட்டியதால், இப்போது இது மாக்னோலியா சம்பகா. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வீட்டுக்கு முன் பெருமையோடு வளர்க்கும் மாக்னோலியா கிராண்டிஃப்ளோராவும் இதைப் போலவே ஆண்டு முழுவதும் இலை உதிர்த்து மொட்டையாகாத மரம்தான். அதன் வெள்ளைப் பூ கிளை நுனியில் ஒரு அடி அகலத்துக்குக்கூட விரியும். நம் செண்பகம் சிறிய பூவை இலை இடுக்குகளில் வைக்கிறது. ஒரு செண்பகப் பூவைப் பிரித்துப் பாருங்கள். புறவிதழ், அகவிதழ் என்ற பாகுபாடு கிடையாது. பன்னிரண்டு, பதினைந்து, சில பூக்களில் அதற்கும் மேல், ஒரே மாதிரியான மஞ்சள் இதழ்கள் சுற்றுச் சுற்றாக அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு குட்டித் தண்டு எழும். அதன் அடியில் மகரந்தத் தாள்கள், சிறிது இடைவெளி விட்டு மேலே பச்சைச் சூலகங்கள், இரண்டுமே திருகு வரிசையில். பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய கிளைகளில் ஒன்றுக்குரிய அமைப்பு இது. இந்தக் குடும்பத்தின் பூக்களுக்கு வண்டுகளே தொன்றுதொட்டு மகரந்தத் தூதர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் சண்பகமும் உண்டு. மலைநிலத்துப் பாட்டில் அது இடம்பெறுவது பொருத்தம்தான்.

எங்கே நடலாம் என்பதற்கு விடையும் மலையில் இருந்துதான் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைமாறாக் காடுகள் இதன் சொந்த இடம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்று இதன் பெயர் தாங்கிய இடங்களைப் பார்த்தால், மலைத்தண்ணீர் இறங்கி ஓடும் இடமாக இருக்கிறது. அதை வைத்துச் சமவெளியில் இது வராது என்று முடிவுகட்டுவது தவறு. திருநாகேசுவரம் கோயிலின் தலமரம் சண்பகம். மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்று புராணப் பெயர். இரண்டும் காவிரிப் படுகை. மழை குறைந்தாலும் வண்டல் ஆழமாக இருந்து, அடிமண்ணில் ஈரம் நின்றால் இந்த மரம் ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. இது பொறுக்காதவை வேறு: வேரில் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர், உவர்நீர், ஒரு முழத்துக்குக் கீழே பாறை தட்டும் மண், சுண்ணாம்பு மிகுந்த நிலம். சுண்ணாம்பு மண்ணில் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் வெளிறிப்போகும். அப்படிப்பட்ட நிலத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி முயல்வதைவிட வேம்பையோ புங்கையோ நடுவதே அறிவு.

விதைக்கன்றை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் வேர். செண்பகக் காய்கள் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றும் புள்ளி விழுந்த சொரசொரப்பான சிறு பை. பழுத்ததும் வெடித்து, உள்ளே சிவந்த சதை போர்த்திய விதைகள் வெளியே தெரியும். மைனாவும் குக்குறுவானும் அந்தச் சிவப்பைத் தேடி வருகின்றன. அந்தச் சதை ஒட்டியிருக்கும்வரை விதை சரியாக முளைக்காது. ஒருநாள் ஊறவைத்து, மணலோடு கசக்கிக் கழுவி, உடனே ஊன்ற வேண்டும். எண்ணெய்ப்பசை மிகுந்த விதை, காய்ந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். முளைக்க ஒன்றிரண்டு மாதங்கள்கூட ஆகலாம். பிறகு கீழே இறங்கும் வேர் தடிப்பானது, சதைப்பற்றானது, சல்லிவேர் குறைந்தது. ஒடிந்தால் எளிதில் துளிர்க்காது. அதனால்தான் பெரிய செண்பகக் கன்றைப் பெயர்த்து நட்டால் ஓரிரு ஆண்டு அப்படியே திகைத்து நிற்கிறது, பல சமயம் பட்டும் போகிறது. நெடுநாள் பையிலேயே கிடந்த கன்றில் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் நட்ட பிறகும் நிமிராது. பதியன் போட்ட கன்றுக்கு ஆணிவேரே கிடையாது. ஒட்டுக்கன்று பூக்கிற மரத்தின் கிளையிலிருந்து எடுத்தது என்பதால், உயரத்தைத் தேடாமல் தாழ்வாகக் கிளைத்துப் படர்கிறது. நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் முழ உயரத்துக்கு மேற்படாத, இளம் விதைக்கன்றுதான் சரி.

நடும் முறையில் மர்மம் ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது முப்பது அடி, மின்கம்பிக்கு அடியில் கூடவே கூடாது. மேற்கு மாவட்டங்களில் ஆடிச்சாரலோடும், டெல்டாவிலும் கடற்கரைப் பக்கமும் புரட்டாசியின் முதல் மழைகளோடும் நடலாம். களிமண் என்றால் குழிக்குள் இறக்காமல் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். ஐப்பசி அடைமழையில் குழியே குளமாகி வேர் அழுகுவதால் சாகும் கன்றுகள் உண்டு. தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஒரு கீற்று மறைப்பு, சுற்றிலும் காய்ந்த இலை மூடாக்கு, தினமும் தெளிப்பதற்குப் பதில் வாரம் இரண்டு முறை அடிவரை நனையும் தண்ணீர். மூன்று கோடை இப்படிக் கடந்தால் பிறகு கவலை குறைவு. மரத்தடியில் மண்வெட்டி போட வேண்டாம். உணவெடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது காத்திருப்புதான். விதைக்கன்று பூக்க எட்டு, பத்து ஆண்டு ஆகலாம், ஒட்டு இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். உண்மை. ஆனால் தென்னை நடுகிறவர் காய்க்கும் ஆண்டை எண்ணித்தானே பொறுக்கிறார்? செண்பகமோ அந்த ஆண்டுகளிலும் சும்மா நிற்பதில்லை. நல்ல மண்ணில் வேகமாக ஏறும், நிழல் தரும், பறவைகளை வரவழைக்கும். பூ வரும் முன்பே அது தோட்டத்துக்குப் பயன்படத் தொடங்கிவிடுகிறது. பூவுக்கு மனம் ஏங்கினால் ஓர் ஒட்டுக்கன்றைச் சமையல்கட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. அதை வைத்துவிட்டதாலேயே மரத்துக்கான இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

வாசனைக்குப் பாம்பு வரும் என்ற அச்சம் இன்னொன்று. பாம்பு பூவை நுகர்ந்து வருவதில்லை. நாக்கை நீட்டி அது தேடுவது எலியின், தவளையின் வாடை. அடர்ந்த சருகுக்குள் எலி குடியேறினால் பாம்பும் வரும், அது எந்த மரத்தடிக்கும் பொருந்தும். மரத்தை வீட்டிலிருந்து தள்ளி நடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இலை உதிராத மரம் என்பதற்காகக் குப்பை இருக்காது என்று எண்ணுபவர் ஏமாறுவார். மொத்தமாகக் கொட்டாமல் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். பெருக்கிக் கொளுத்தாமல் அடியிலேயே விட்டால், காட்டு மண்ணில் இந்த வேர் அனுபவிக்கும் குளிர்ச்சி அதற்குக் கிடைக்கும். இளம் இலையைப் பச்சைப் புழுக்கள் தின்னும். அவற்றில் டெய்ல்டு ஜே வண்ணத்துப்பூச்சியின் புழுவும் உண்டு, நெட்டிலிங்கத்திலும் அதே புழுவைப் பார்க்கலாம். வளர்ந்த மரத்துக்கு அதனால் கேடில்லை, மருந்து அடிக்க வேண்டியதில்லை. கிளை ஒடிவது பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. சம பலமுள்ள இரண்டு தலைகள் கவையாகப் பிரிந்து வளர்ந்தால் புயலில் அந்தக் கவைதான் கிழியும். பென்சில் தடிமனில் இருக்கும்போதே ஒன்றைக் கிள்ளிவிட்டால் போதும். மணிக்கட்டுத் தடிமன் ஆன பிறகு வெட்டினால் காயம் ஆறுவது மெதுவாகும், அழுகல் உள்ளே புகும். உயரத்தைக் குறைக்க நுனியைத் தறிப்பது இந்த மரத்துக்குச் செய்யும் பெருங்கேடு.

மரம் உயர்ந்தால் பூ எட்டாதே என்ற கேள்வி மிச்சம். முதல் சில ஆண்டுகள் பூ கைக்கும் துரட்டிக்கும் எட்டும். பிறகு பெரும்பகுதி மேலே போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மொட்டுகள் மாலையில் விரியும் மரத்தின் மணம் தோட்டம் முழுக்க வரும். தொட்டிச்செடி அந்த அளவுக்கு மணக்காது. பறித்துத் தலையில் வைக்கத்தான் பூ என்பவர்களுக்கு வெள்ளைச் செண்பகம் ஏற்றது. அது கலப்பினம், விதை பிடிப்பதே அரிது, ஒட்டாகவோ பதியனாகவோதான் கிடைக்கும், அளவாகக் கவாத்து செய்தால் வீட்டோரத்திலும் அடங்கி நிற்கும். மஞ்சள் செண்பகத்தின் விதைக்கன்று பூச்செடி நர்சரிகளில் கிடைப்பது குறைவு. வனத்துறையின் நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கலாம், அல்லது அருகில் பெரிய மரம் இருந்தால் காய் வெடிக்கும் பருவத்தில் அடியில் விழும் சிவப்பு விதைகளை அன்றைக்கே பொறுக்கிக் கழுவி ஊன்றலாம்.