முதுகெலும்பு அறுவைக்கு வழிகாட்டும் முப்பரிமாணப் படம்

முதுகில் கத்தி பட்டால் கால்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சம் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. இது முற்றிலும் காரணமற்ற அச்சமன்று. நிலைகுலைந்த முதுகெலும்பை நிலைநிறுத்த, ஒவ்வொரு முள்ளெலும்பிலும் உள்ள காம்பு போன்ற எலும்பின் வழியே உலோகத் திருகாணியைச் செலுத்துவார்கள். அக்காம்பின் அகலமோ சில மில்லிமீட்டர்தான். அதன் உட்புறம் தண்டுவடம். மேலும் கீழும் நரம்புகள். திருகாணி தடம் மாறினால் அவை காயமுறக்கூடும்.

1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே, எலும்பின் நிழலை மட்டுமே தட்டையாகக் காட்டியது. 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. உடலை அடுக்கடுக்காகக் காட்டிய அந்த முறைக்காக அவரும் கோர்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய முப்பரிமாணப் படங்களுக்கு அதுவே அடித்தளம்.

இப்போது சில மருத்துவமனைகளில் அறுவை மேசையிலேயே படம் எடுக்கிறார்கள். மல்லாந்து படுத்தபோது எடுத்த படமும் குப்புறப் படுத்த நிலையும் முழுதும் பொருந்தா என்பதே காரணம். நோயாளியின் எலும்பில் ஒரு சிறு சட்டத்தைப் பொருத்துவார்கள். அதிலும் கருவிகளிலும் உள்ள அடையாளக் குமிழ்களை அகச்சிவப்புக் கேமரா கவனித்துக்கொண்டேயிருக்கும். கருவியின் முனை எலும்புக்குள் எங்கே செல்கிறது என்பதைக் கணினித் திரை காட்டும். இம்முறையில் திருகாணிகள் தடம் மாறுவது குறைவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

ஆயினும் வாசகர்களே, திரை சொல்வதெல்லாம் மெய்யென்று கொள்ளலாகாது! சட்டம் சற்றே அசைந்துவிட்டால் படம் தெளிவாகவே இருக்கும். ஆனால் அது காட்டும் இடம் தவறாகிவிடும். எனவே தேர்ந்த மருத்துவர், நன்கறிந்த எலும்பு முனையொன்றைக் கருவியால் தொட்டுத் திரையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வார். கருவி வழிகாட்டும், பொறுப்போ மருத்துவரின் கைக்கும் அறிவுக்கும் உரியது.

அறுவை தேவையா என்பதையும் இக்கருவி முடிவு செய்யாது. முதுகுவலிகளில் பெரும்பாலானவை அறுவையின்றியே தணிபவை. ஆகவே மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தால், "இது ஏன் தேவை? வேறு வழி உண்டா? இதே அறுவையில் தங்கள் அனுபவம் எவ்வளவு?" எனத் தயங்காமல் கேளுங்கள். கருவுற்றிருக்கும் ஐயமிருந்தால், கதிர்வீச்சை முன்னிட்டு அதையும் முன்னரே தெரிவியுங்கள். அதே வேளையில், கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு குறைந்தாலோ அச்சத்தால் நாள் கடத்தாதீர்கள்; உடனே மருத்துவமனை செல்லுங்கள்.