ஹெட்போனில் சத்தத்தை ஏன் கூட்டுகிறோம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்ததாக வாங்கும் பொருள் பெரும்பாலும் ஹெட்போன்தான். ஒரே ஹாலில் ஒருவர் டிவி பார்க்கிறார், ஒருவர் பாடம் படிக்கிறார், நமக்குப் பாட்டு வேண்டும் என்றால் வேறு வழியில்லை. எந்த ஹெட்போன் நல்லது என்று கேட்பவர்கள் நிறைய. எவ்வளவு சத்தம் வைக்கலாம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்தால் 0 முதல் 100 வரை நகரும் ஸ்லைடர் கிடைக்கும். இந்த எண்ணை டெசிபல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்ப்யூட்டரால் கொடுக்க முடிந்த முழு அளவில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. 40-ல் வைத்தால் ஒரு ஹெட்போன் முணுமுணுக்கும். இன்னொன்று காதைத் துளைக்கும். போதாததற்கு வி.எல்.சி. போன்ற பிளேயர்கள் தங்களுக்கென்று தனி ஸ்லைடர் வைத்துக்கொண்டு 100-ஐயும் தாண்டிப் போகின்றன. எனவே எண்ணை நம்பாமல், ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள்.

இரவு 11 மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடரை 0-விலிருந்து மெல்ல ஏற்றி, வார்த்தைகள் தெளிவாகப் புரியும் இடத்தில் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை 6 மணிக்கு அதே ஹெட்போனில், அதே பாட்டை, அதே முறையில் கேளுங்கள். (எங்கள் ஊர்க்காரரான பரவை முனியம்மா 2003-ல் வந்த 'தூள்' படத்தில் பாடிய பாட்டு இதற்கு உதவாது. திறந்தவெளி மேடையில் பாடிப் பழகிய குரல் அது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் சொல் சொல்லாகப் புரியும். மெதுவாகப் பாடும் பாட்டாகப் பாருங்கள்.)

எங்கள் வீட்டில் இரவில் 12 வந்தது. மாலையில் 30. பாட்டு மாறவில்லை, காதும் மாறவில்லை. மாறியது வீட்டைச் சுற்றியுள்ள இரைச்சல்தான். பரவை இருப்பது மதுரை - திண்டுக்கல் சாலையில். பஸ் ஹாரன், ரயில், மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் லாரி, விசேஷ நாள் என்றால் குழாய் ஸ்பீக்கர். இத்தனைக்கும் மேலே பாட்டு கேட்க வேண்டும் என்பதால் கை தானாக ஸ்லைடரை ஏற்றுகிறது. நாம் பாட்டுக்காகச் சத்தத்தைக் கூட்டுவதில்லை, லாரியை மறைக்கக் கூட்டுகிறோம் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

இதில் என்ன கெடுதல்? காதுக்குள் நத்தை வடிவத்தில் காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புக்கான சிக்னலாக மாற்றுவது இவைதான். மனிதக் காதில் இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் விழுவதைப் போல, பேக்கப் கிடையாது. பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். அதனால் பாதிப்பு தொடங்கியவர்கள் "சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை" என்பார்கள். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் நழுவத் தொடங்கியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, எனவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. 90-க்குச் சுமார் 4 மணி நேரம்தான், அதுவும் ஒரு வாரம் முழுவதற்கும். ஆரப்பாளையத்தில் ஏறி நெரிசலான பஸ்ஸில் இயர்போனோடு வருபவர், பஸ்ஸின் இரைச்சலையும் மிஞ்சும்படி பாட்டை வைத்தால் இந்த அளவை எளிதாகத் தொட்டுவிடுவார். தினம் ஒரு மணி நேரப் பயணம் என்றால் வியாழக்கிழமையோடு வாரக் கணக்கு தீர்ந்துவிடும்.

இனி கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை. விண்டோஸில் 'இதற்கு மேல் சத்தம் போகக்கூடாது' என்று பூட்டும் வசதி நேரடியாக இல்லை. எனவே ஹெட்போனை மாட்டும் முன் ஸ்லைடரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்சர் என்று போனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி அளவு வைக்கலாம். பாட்டு மெதுவாக ஓடும்போது சிஸ்டம் சவுண்ட் 'டொய்ங்' என்று பாய்வதை இங்கேயே அடக்கிவிடுங்கள். சினிமா பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வசனம் கேட்கவில்லையே என்று கூட்டிவைத்தால், அடுத்த காட்சியில் சண்டை வந்து காது கிழியும். ஹெட்போனின் புராப்பர்ட்டீஸ் விண்டோவில் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' என்ற வசதி இருந்தால் டிக் செய்யுங்கள். இரண்டையும் ஓரளவு சமப்படுத்தும். எல்லா சவுண்ட் டிரைவர்களிலும் இது இருக்காது. ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி' என்ற பகுதியில் டெசிபலிலேயே வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் மீடியா வால்யூம் லிமிட் இருக்கிறது. பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கும் முன் இதைப் போட்டுவிடுவது நல்லது.

'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன் வாங்கினால் சரியாகிவிடுமா? இதன் மைக் வெளி ஒலியைப் பிடிக்கிறது. உள்ளேயுள்ள சர்க்யூட் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது. இரண்டும் மோதி அடங்குகின்றன. 1978-ல் விமானப் பயணத்தில் ஹெட்போன் சரியாகக் கேட்காததால் அமர் போஸுக்கு (வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர்) தோன்றிய யோசனை, 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக வந்தது. மின்விசிறி, ஏ.சி., பஸ் எஞ்சின் போன்று ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியை இது நன்றாக அடக்கும். ஹாரனையும் பேச்சையும் அந்த அளவுக்கு அடக்காது. உள்ளே அமைதி கிடைப்பதால் பாட்டைக் குறைத்து வைக்கலாம் என்பதே உண்மையான லாபம். அமைதியும் வேண்டும், பழைய 30-ம் வேண்டும் என்றால் காசு வீண்.

ரோட்டில் மட்டும் இதைப் போடாதீர்கள். இயர்போனோடு தண்டவாளத்தைக் கடந்து ரயிலில் அடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளை நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். 1979-ல் சோனி விற்ற முதல் வாக்மேனில் ஓர் ஆரஞ்சு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தாழ்ந்து, அருகில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் கேட்கும். இப்போதைய இயர்பட்களில் உள்ள 'டிரான்ஸ்பரன்சி' வசதிக்கு அதுதான் தாத்தா.

என் அனுபவத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஹெட்போனை மாட்டுவது ஒரு சடங்கு. ஆனால் புரியாத பிழையைத் தேடும்போது நான் அதைக் கழற்றி வைத்துவிடுவேன். பாடல் வரிகளும் பேச்சும் நாம் படிக்கும் எழுத்தோடு போட்டி போடும். ஒரே வரியை மூன்று முறை படிக்க நேரும். பின்னணியில் ஏதாவது ஓடினால்தான் வேலை ஓடும் என்பதைப் பாதி பழக்கம் என்றுதான் சொல்வேன். ஒரு வாரம் முதல் ஒரு மணி நேரத்தை ஒன்றும் ஓடாமல் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கை தானாக ஹெட்போனுக்குப் போகும். அதன் பிறகு மின்விசிறி சுற்றுவதும், அடுப்படியில் தாளிப்பதும், அம்மா முதல் தடவை கூப்பிடுவதும் காதில் விழும். நம் அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில், அதாவது 10 மணி முதல் காலை 6 மணி வரை, 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. திண்டுக்கல் ரோட்டோரம் அது எத்தனை இரவு கிடைக்கும் என்று கேட்காதீர்கள். கிடைக்கும் இரவுகளையும் நாமே பாட்டுப் போட்டு நிரப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ங்ங்' என்ற ரீங்காரமோ, பஞ்சு வைத்தது போன்ற மந்தமோ இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதுவரை காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரு நாளைத் தாண்டியும் நீடித்தாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் செல்ல வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. 'ஆடியோமெட்ரி' என்ற சோதனையில் ஹெட்போனை மாட்டித்தான் உட்கார வைப்பார்கள். சத்தமில்லாத அறையில், கேட்கும் மிகச் சிறிய ஒலிக்கும் கையைத் தூக்க வேண்டும். வலியே இல்லாத சோதனை.