சரித்திர ஆசிரியனின் முதலாம் ஆண்டு

சரித்திரம் கற்பிப்பதைப்போல இலகுவான தொழில் உலகில் வேறில்லை என்று எண்ணுவோர் பலர். கணித ஆசிரியர் கரும்பலகையிலே கணக்கைச் செய்து காட்டவேண்டும். விஞ்ஞான ஆசிரியர் கண்ணாடிக் குழாய்களோடு போராடவேண்டும். சரித்திர ஆசிரியருக்கோ ஒரு புத்தகமும் ஒரு வெண்கட்டியும் இருந்தாற் போதும். இறந்துபோன அரசர்கள் எழுந்துவந்து மறுத்துப் பேசப்போவதில்லை. பல்கலைக்கழகப் பட்டத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு முதன்முதலாக வகுப்பறைப் படியை மிதித்த அன்று நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

அது 2007ஆம் ஆண்டு. அதுவரை சமூகக்கல்வியோடு சேர்ந்து ஒதுங்கியிருந்த வரலாறு, அவ்வாண்டின் கலைத்திட்டச் சீர்திருத்தத்தினால் தனிப்பாடமாகவும் கட்டாயப் பாடமாகவும் உயர்வு பெற்றது. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரவிருந்த பிள்ளைகளெல்லாம் பராக்கிரமபாகுவையும் சங்கிலியையும் படித்தே தீரவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வரும் கண்டி வீதியோ அதற்கு முந்திய ஓகஸ்ட் மாதத்திலேயே மூடப்பட்டிருந்தது. விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயையும் அளந்து செலவிட்ட காலம். அந்த விளக்கின் முன்னே மூன்று இரவுகள் இருந்து, எனது முதற் பாடத்தை ஐந்து பக்கங்களில் எழுதி ஆயத்தஞ் செய்தேன்.

பாடவேளை 40 நிமிடங்கள். என் ஐந்து பக்கங்களும் 15 நிமிடங்களில் தீர்ந்துபோயின. எஞ்சிய 25 நிமிடங்களும் 42 மாணாக்கர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நான் மணியடிப்பவரின் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலம் என்பது எத்துணை நீளமானது என்பதைப் பல்கலைக்கழகத்திலே கற்ற சரித்திரம் எனக்கு உணர்த்தவில்லை; அந்த 25 நிமிடங்கள் உணர்த்தின.

ஆசிரியர் அறையிலே என் வாட்டத்தைக் கண்ட முதிய ஆசிரியர் ஒருவர் அன்போடு ஒரு வழி கூறினார். "தம்பி, குறிப்பைச் சொல்லி எழுதவிடும். எழுதுகிற பிள்ளை பேசமாட்டான்." அவர் வாக்குப் பொய்க்கவில்லை. மறுநாள் முதல் நான் சொல்ல, அவர்கள் எழுதினர். வகுப்பிலே ஊசி விழுந்தாலும் கேட்கும். விறாந்தையால் சென்ற அதிபர் ஒருமுறை நின்று பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். நல்ல ஆசிரியனாகிவிட்டேன் என்று உள்ளம் பூரித்தேன். உண்மையில், நான் சொல்பவனாகவும் அவர்கள் இலிகிதர்களாகவும் மாறியிருந்தோம்.

இரண்டாந் தவணையிலே ஒரு நாள், யாழ்ப்பாண இராச்சியத்தின் வீழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் படையெடுத்து வந்ததையும், சங்கிலி மன்னன் சிறைப்பட்டதையும் சொல்லி முடிக்கையில், பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சேர், இது நடந்ததெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"புத்தகத்தில் இருக்கிறது," என்றேன்.

"புத்தகம் எழுதினவருக்கு ஆர் சேர் சொன்னது?"

வகுப்புச் சிரித்தது. எனக்கோ கோபம் வந்தது. "பகிடி விடாமல் இரு," என்று அதட்டி இருத்திவிட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்தப் பையன் பகிடி விடவில்லை. சரித்திரம் என்னும் கல்வி எந்தக் கேள்வியிலிருந்து பிறக்கின்றதோ, அந்தக் கேள்வியை அல்லவா அவன் கேட்டான்! அதையே என் பேராசிரியர் கேட்டிருந்தால் எழுந்து நின்று விடையிறுத்திருப்பேன். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டபடியால் வாயை அடைத்தேன்.

மறுநாள் வகுப்பின் முன்னே, "நேற்று நான் செய்தது பிழை," என்று ஒப்புக்கொண்டு, அவன் கேள்விக்கு விடை கூற முற்பட்டேன். அந்தப் போரைப்பற்றி விரிவாக எழுதிய குவேறோஸ் பாதிரியார் தம் நூலைக் கோவாவிலே முடித்தது 1687ஆம் ஆண்டில். அதாவது, சங்கிலி வீழ்ந்து 68 ஆண்டுகளுக்குப் பின்னர். ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது 1736ஆம் ஆண்டளவில். அஃது ஏறக்குறைய 117 ஆண்டுகளுக்குப் பின்னர். இருவரும் களத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். பாதிரியார் தம்மவர் பக்கம் நின்று எழுதினார். புலவரோ, 1544ஆம் ஆண்டு மன்னாரிலே நிகழ்ந்ததையும் 1619இல் நல்லூரிலே நிகழ்ந்ததையும் ஒரே சங்கிலியின்மேல் ஏற்றிவிட்டார். சங்கிலி என்னும் பெயருடையோர் இருவர் இருந்தனர் என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

"அப்ப இரண்டு பேரும் பொய்யோ சேர்?" என்றான் அவன். "பொய்யல்ல. ஒவ்வொருவரும் தமக்கு எட்டியதைச் சொன்னார்கள். எவருக்கு எது எட்டியிருக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை," என்றேன். அன்று ஒருவரும் குறிப்பு எழுதவில்லை. மணியடித்தது எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் வகுப்பின் போக்கே மாறிற்று. சரித்திரச் சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை என்று காட்ட விரும்பினேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் சென்றவர் எத்தனை பேர் என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் கையை உயர்த்தினர். அங்கே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருப்பதைக் கண்டவர் ஒருவருமிலர். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கரையிலே உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் முக்காற் பங்கு உடையவனுக்கும் சேரவேண்டும் என்றும், வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி என்றும் அக்கல் விதிக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரசன் தன் காலத்திலேயே பொறிப்பித்த சட்டம்! "சேர், யானைக்கு ஏன் குறைய எடுத்தவர்?" என்று ஒருவன் கேட்க, அரைமணி நேரம் வாதம் நடந்தது.

வகுப்பறைக்குள்ளேயே சான்று உண்டென்று பின்னொரு நாள் சொன்னேன். நாம் இருக்கும் கதிரையும், எழுதும் மேசையும், காற்று வரும் யன்னலும், புத்தகம் வைக்கும் அலுமாரியும், காலையில் உண்ணும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோரும் நொத்தாரிசும் மேசை லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. கோட்டைகளை இழந்தும் அவர்கள் எங்கள் நாவிலே குடியிருக்கின்றனர் என்றேன். இந்தப் பாடத்தின் பயன் தவணைப் பரீட்சையிலே தெரிந்தது. "போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். அவர்கள் வந்த நோக்கம் பாண் விற்பதாகும்," என்று ஒரு விடைத்தாள் கூறிற்று. கற்பித்தவனும் அதற்குப் பொறுப்பாளி ஆகையால் ஒரு புள்ளியாவது கொடுக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன்.

இந்த மகிழ்ச்சியிலே மிதந்துகொண்டிருந்தபோதுதான் பெரும் பிழை ஒன்றைச் செய்தேன். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளொன்றைக் கொண்டுவரவேண்டும் என்று பணித்தேன். திங்கட்கிழமை மேசைமேல் பாக்குவெட்டியும், கால்விளக்கும், செப்புச் சதங்களும், ஓலையிலே எழுதிய சாதகமும் குவிந்தன. முன்னர் கேள்வி கேட்ட பையன் மாத்திரம் வெறுங்கையோடு நின்றான்.

"எங்கட வீட்டில பழஞ்சாமான் ஒண்டும் இல்லை சேர்."

"நன்றாகத் தேடிப் பார்த்தாயா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த இரண்டு நாட்களும் அவன் வகுப்புக்கு வரவில்லை.

காரணத்தை வேறோர் ஆசிரியர் சொல்லி அறிந்தேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த இரவிலே அவன் மூன்று வயதுக் குழந்தை. அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. வீட்டிலிருந்த எதுவும் இருக்கவில்லை. அத்தகைய பிள்ளைகள் என் வகுப்பிலே இருப்பர் என்பதை அறியாதவனா நான்? 1981ஆம் ஆண்டு பொது நூலகத்தோடு ஏடுகளும் எரிந்த ஊரிலே பிறந்து வளர்ந்தவன் அல்லனா? சான்று, சான்று என்று முழங்கிய எனக்கு, சான்றுகளை இழந்தவன் என்ன செய்வான் என்ற நினைவு வராமற் போயிற்று.

அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் இருக்கும் வீட்டுக்குச் சென்றேன். வாசலிலே அவன் ஆச்சி இருந்தார்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ. பேரன் ஏதும் குழப்படியோ?"

"இல்லை ஆச்சி. பிழை விட்டது நான்தான்," என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார்.

"பழஞ்சாமானெண்டு எங்களிட்டை என்ன கிடக்கு மாஸ்டர்? உறுதிப் பெட்டியும் போட்டுது. ஆனா உறுதி எனக்குப் பாடம்."

இவ்வாறு கூறிய அம்மூதாட்டி, கண்களை மூடிக்கொண்டு, தேவாரம் ஓதுபவரைப்போலத் தம் காணியின் உறுதியைச் சொல்லத் தொடங்கினார். காணியின் பெயர், பரப்பு நாலு, குழி ஒன்பது, கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னார், மேற்கே இன்னார், தெற்கே இன்னார், இதற்குள் அடங்கிய நிலமும் பனையும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும், இதிலே தாயாரின் சீதனம் இவ்வளவு, தகப்பன் வழி முதுசம் இவ்வளவு, தாமும் கணவரும் தேடிய தேட்டம் இவ்வளவு. ஒல்லாந்தர் காலத்திலே 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையின் சொற்கள் அந்த முதியவரின் வாயிலிருந்து தடையின்றி வந்தன. கதவோரத்தில் நின்ற பையன் அசையாது கேட்டுக்கொண்டிருந்தான். முன்பு அவன் அதைக் கேட்டதேயில்லை.

"எழுதிக்கொள் தம்பி," என்றேன். அவன் அப்பியாசக் கொப்பியை எடுத்துவந்து எழுதினான். நான் குறிப்புச் சொல்லாமல் அவன் எழுதியது அதுவே முதல் தடவை. மறுநாள் வகுப்புக்கு அந்தக் கொப்பியையே கொண்டுவந்தான். மேசையிலிருந்த பாக்குவெட்டிக்கும் விளக்குக்கும் பக்கத்திலே அதை நான் வைத்தேன்.

கதை அத்துடன் முடியவில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதியொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். சில மாதங்களுக்குப் பின் அவன் தகப்பனார் முயன்று அதன் பிரதியைப் பெற்றார். ஒரு நாட்காலை, மணியடிக்கும் முன்பே பையன் ஓடிவந்தான்.

"சேர், ஆச்சி ஒரு இடத்தில பிழை விட்டிட்டா!"

பரப்பும் குழியும் சரி. மூன்று எல்லைகளும் சரி. வடக்கு எல்லைக்காரரின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அவன் முகத்திலே அன்று கண்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கமாட்டேன். "பிழைதானோ என்று ஆச்சியையே கேள்," என்று அனுப்பினேன். அடுத்த நாள் விடையோடு வந்தான். உறுதி எழுதிய காலத்தில் வடக்குக் காணி ஒருவருடையது. பின்னர் அது கைமாறிற்று. உறுதி சொன்னது பழைய அயலவரை. ஆச்சி சொன்னது தாம் வேலிக்கு மேலாற் பேசிப் பழகிய அயலவரை.

"அப்ப இரண்டும் சரி, சேர்," என்றான்.

குவேறோஸ் பாதிரியாரையும் மயில்வாகனப் புலவரையும் வைத்து நான் விளக்க முயன்றதை, ஒரு வேலியை வைத்து அவன் விளங்கிக்கொண்டான். இது நிகழ்ந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. அந்த ஆச்சி இன்று இல்லை. அவர் சொல்லிய நான்கு எல்லைகளும் அக்கொப்பியிலே இருக்கின்றன.

புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. குறிப்புக் கொடுங்கள், பரீட்சை உண்டல்லவா? ஆனால் "எப்படித் தெரியும்?" என்று எழும் பிள்ளையை மட்டும் இருத்திவிடாதீர்கள். வெறுங்கையோடு நிற்கும் பிள்ளையிடம், தேடிப் பார்த்தாயா என்றும் கேட்காதீர்கள்.

மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலுள்ள முதியவரின் பக்கத்திலே போய் இருந்து, அவர் பிறந்த வளவின் நான்கு எல்லைகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரையும் திகதியையும் அடியிலே போட மறவாதீர்கள்.