ரத்தம் முந்திக்கொள்ளும் இரும்பு

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் குழந்தைகள் நல மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991-ல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். ஒற்றைத் தாள்தான். அடியில் பிறப்பு முதல் 24 மாதம் வரை வயதுக்கோடு. அதற்கு மேலே 17 கறுப்புப் பட்டைகள். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, தலை நிற்கிறதா, குப்புற விழுகிறதா, மணியடித்தால் திரும்பிப் பார்க்கிறதா, ஒரு கையில் இருப்பதை மறு கைக்கு மாற்றுகிறதா, சின்ன மணியை விரல் நுனியால் பொறுக்குகிறதா, தானாக நடக்கிறதா, இரண்டு வார்த்தை பேசுகிறதா, பொம்மையின் கண் எது, மூக்கு எது என்று தொட்டுக் காட்டுகிறதா என ஒவ்வொரு பட்டையும் பிள்ளை செய்யும் ஒரு காரியம்.

பட்டையின் இடது முனை, நூறில் மூன்று பிள்ளைகள் அந்தக் காரியத்தைச் செய்துவிடும் வயது. வலது முனை, 97 பிள்ளைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமாகவே முடிந்துபோன பட்டைகளில் ஒன்றையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். அங்கன்வாடி ஆசிரியையே செய்துவிடலாம். ஊரின் பெயரோடு திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை வரைபடம் என்றே இது இந்தியா முழுவதும் குழந்தை மருத்துவப் பாடநூல்களில் இடம்பிடித்திருக்கிறது.

எடையும் உயரமும் எழுதிவைக்கும் அட்டை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. இந்தத் தாள் கேட்பது வேறு: பிள்ளை எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்று பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அது ரத்தத்தில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கேரளத்தை எடுத்துக்கொள்வோம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 4.4. நாட்டின் சராசரி 35.2. பணக்கார நாடுகளோடு நிற்கும் சாதனை இது. ஆனால் அதே கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான கேரளக் குழந்தைகளில் 39.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 35.7. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 19.7 சதவீதத்திலிருந்து 23.4 ஆகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் குழந்தைகளின் ரத்தசோகை 57.4, நாடு முழுவதற்கும் 67.1. மற்றவர்களைவிடக் கேரளம் மேல் என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம்தான். பிள்ளைகளைச் சாகவிடாமல் காப்பாற்றத் தெரிந்த ஒரு மாநிலத்திலேயே இந்த எண்கள் மேலே போகின்றன என்பதை நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன்.

இந்த எண்களை அப்படியே நம்பலாமா என்ற கேள்வியும் நியாயமானது. குடும்பநலக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம். 2016-18-ல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில் ரத்தசோகை 41 சதவீதம்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2024-ல் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் எல்லையை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5 கிராமாகக் குறைத்திருக்கிறது. ஆக, எண்ணிக்கை சற்று இறங்கலாம். பிரச்சினை அதனால் சிறிதாகிவிடாது. காரணம், ஹீமோகுளோபின் என்பதே தாமதமாக அடிக்கும் மணி.

அரிசி குறைந்துபோன வீட்டில் வேலைக்குப் போகிறவருக்கு முதல் தட்டு போடுவார்கள். மற்றவர்கள் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இரும்பு குறைந்த உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. உயிர் நிற்க ஆக்ஸிஜன் வேண்டும், அதைச் சுமக்கச் சிவப்பணு வேண்டும் என்று கிடைக்கும் இரும்பையெல்லாம் முதலில் ரத்தத்துக்குக் கொடுக்கிறது. மூளைக்கு அதற்குப் பிறகுதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜார்ஜியெஃப் இதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவருகிறார். ரத்தப் பரிசோதனையில் சோகை என்று வரும்போது, மூளை ஏற்கனவே பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும்.

மூளைக்கு இரும்பு எதற்கு? நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை வளர்ந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். அந்த உறையைப் போடும் செல்கள் இரும்பை அதிகம் கேட்பவை. டோபமைனைத் தயாரிக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். டோபமைன் குறைந்தால் கவனமும் ஆர்வமும் அசைவும் மந்தமாகும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி குழந்தைப் பருவத்தில் வேகமாக வளர்கிறது. அதன் செல்கள் ஆற்றல் எடுப்பதற்கும் இரும்புதான். இவ்வளவும் மும்முரமாக நடப்பது கருவின் கடைசி மூன்று மாதங்களிலும் முதல் இரண்டு வயதிலும். இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது.

அந்த நேரத்தில் குறைந்ததைப் பிறகு ஈடுகட்ட முடியுமா? 1980-களில் கோஸ்டா ரிகாவில் பெட்ஸி லோசாஃப் என்ற குழந்தை மருத்துவர் தொடங்கிய ஆய்வைவிடத் தெளிவான, மனதைக் கனக்கச் செய்யும் பதில் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருந்த 191 குழந்தைகள். சோகை இருந்தவர்களுக்கு இரும்பு கொடுத்துச் சரிசெய்தார்கள். பிறகு 19 வயது வரை அவர்களின் அறிவுத்திறனை அளந்துகொண்டே வந்தார்கள். நடுத்தரக் குடும்பங்களில், இரும்புக் குறை நீடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட எட்டு ஒன்பது புள்ளிகள் பின்தங்கியே கடைசிவரை இருந்தார்கள். ஏழைக் குடும்பங்களில் தொடக்கத்தில் 10 புள்ளியாக இருந்த இடைவெளி, 19 வயதில் 25 புள்ளியாக விரிந்தது. சோகை குணமாகிப் பதினெட்டு வருடம் ஆன பிறகு!

ஒரே குறைபாடு, இரண்டு வீடுகள், இரண்டு விதமான முடிவு. இதில் இரும்பை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2010-12-ல் பிறந்த 251 குழந்தைகளை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தேடிச் சேர்த்துப் பின்தொடர்ந்தது. எட்டு நாடுகளில் நடந்த ஆய்வின் இந்தியப் பகுதி அது. பீனா கோஷியும் அவருடைய குழுவினரும் அந்தப் பிள்ளைகளை ஒன்பது வயதில் சோதித்தபோது, சிறுவயதிலிருந்து குட்டையாகவே தொடர்ந்தவர்கள், ஒருபோதும் குட்டையாக இல்லாதவர்களைவிட அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். குட்டை என்றவுடன் பெற்றோர் பதற வேண்டாம். அப்பாவைப் போல, பாட்டியைப் போலக் குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. உயரம் மூளையைக் கெடுப்பதில்லை. உயரத்தைக் குறைத்த வறுமை, திரும்பத் திரும்ப வந்த வயிற்றுப்போக்கு, போதாத சாப்பாடு ஆகியவைதான் மூளையையும் தொடுகின்றன. அந்த வேலூர்ப் பிள்ளைகளில் கணிசமானவர்களின் ரத்தத்தில் ஈயமும் இருந்தது. இரும்பு நுழையும் அதே வாசல் வழியாகத்தான் ஈயமும் குடலிலிருந்து உள்ளே போகிறது. இரும்பு குறைந்தால் குடல் அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்கிறது. ஏழைக் குழந்தைக்குக் கேடுகள் ஒவ்வொன்றாக வருவதில்லை.

அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் இரும்பு சிரப் கொடுத்துவிட்டால் போதாதா? வங்கதேசத்தில் எட்டு மாதக் குழந்தைகள் 3,300 பேரை வைத்து இதையே சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் தினமும் இரும்பு. சோகை நன்றாகக் குறைந்தது. மனவளர்ச்சித் தேர்வில் மாற்றமே இல்லை. இந்த முடிவைச் சிலர் இரும்புக்கு எதிரான சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு மாதம் என்பதே தாமதமாக இருக்கலாம். மூன்று மாதம் போதாமலும் இருக்கலாம். சோகையால் வரும் சோர்வும், நோயை எதிர்ப்பதில் வரும் தளர்ச்சியும் தனிக் கதை. அவற்றுக்காகவாவது சிரப் வேண்டும்.

2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி சிரப். அதில் 20 மில்லிகிராம் இரும்பு. எளிய ஏற்பாடுதான், ஆனால் வீட்டுக்கு வந்த குப்பி பாதியில் நின்றுவிடுகிறது. "கறுப்பா வெளிக்குப் போவுது டாக்டரே, பயந்துபோய் நிறுத்திட்டேன்" என்பது எந்தக் குழந்தை மருத்துவரும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. குப்பியைக் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ குப்பிகள் காலியாகும்.

அடுப்படியிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. திருவனந்தபுரத்திலும் அதையொட்டிய குமரி மாவட்டத்திலும் ஆறு மாதப் பிள்ளைக்கு முதல் சாப்பாடு ஏத்தன்காய் (நேந்திரங்காய்) மாவுக் கஞ்சி. வயிற்றுக்கு இதமானது, பிள்ளை விரும்பிக் குடிக்கும். இரும்பு மட்டும் அதில் சொற்பம். தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பிள்ளைக்கு அமெரிக்க அளவீட்டின்படி நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆணுக்கே எட்டுதான். கேரளத்தின் மகளிர் குழுவான குடும்பஸ்ரீயின் பெண்கள் அரைத்து அங்கன்வாடி வழியாக வரும் அமிர்தம் மாவில் கோதுமையும் கடலைப்பருப்பும் நிலக்கடலையும் சோயாவும் இருக்கின்றன. நல்ல மாவு, ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

மீன், இறைச்சியில் உள்ள இரும்பு எளிதில் சேரும். கூட இருக்கும் பருப்பின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் கரைக்கு வரும் சாளையை முள் எடுத்து, காரம் போடாமல் வேகவைத்து மசித்துச் சோற்றோடு ஊட்டினால் எட்டு மாதப் பிள்ளை சாப்பிடும். மீன் ஆகாத வீட்டில் பருப்புச் சாதத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். பிள்ளைக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தையும், ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாக்குவதையும் நிறுத்த வேண்டும். இரண்டுமே இரும்பைத் தடுக்கும்.

கோஸ்டா ரிகாவின் அந்த விரிந்த இடைவெளிக்கு வருகிறேன். சோகை பிடித்த குழந்தை அதிகம் விளையாடாது, அம்மாவை விட்டு நகராது, முகம் கொடுத்துச் சிரிக்காது. சிரிக்காத பிள்ளையிடம் வீட்டாரின் பேச்சும் குறைந்துபோகும். பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலையும் குறையும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 129 குட்டைக் குழந்தைகளை வைத்து சாலி கிரந்தம்-மெக்ரெகர் நடத்திய ஆய்வு இந்தச் சுழலை உடைக்கலாம் என்று காட்டியது. சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், அந்த உதவி கிடைக்காத குட்டைக் குழந்தைகளைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

திருவனந்தபுரத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவின் அம்மாக்களுக்கு மட்டும் பார்க்க, கேட்க, தொட, அசையத் தூண்டும் எளிய பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவில், ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அந்தப் பிள்ளைகளே வளர்ச்சியில் முந்தியிருந்தார்கள். சிரப்பையும் சாளையையும் இந்த விளையாட்டையும் ஒரே கையில் கொடுக்கும் அங்கன்வாடிதான் நமக்கு வேண்டும். இன்று அவை வெவ்வேறு திட்டங்களாக வெவ்வேறு பதிவேடுகளில் கிடக்கின்றன.

இன்னும் முன்னால் போக வேண்டும். நேபாளத்தில் கர்ப்ப காலத்தில் இரும்பும் போலிக் அமிலமும் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் சோதித்தார்கள். நினைவிலும் கவனக் கட்டுப்பாட்டிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். பிறந்த பிறகு கொடுத்த இரும்பு அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36.3 சதவீதம் பேருக்குச் சோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை கிடைக்கும் நீல இரும்பு மாத்திரையை மாணவிகள் விழுங்குகிறார்களா, பைக்குள் போடுகிறார்களா என்பது சாதாரண விஷயமில்லை.

சர்க்கரை நோய் மலிந்த கேரளத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் கருவுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடும். அது அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். அதற்கே இரும்பு போய்விடும். நல்ல எடையோடு கொழுகொழுவென்று பிறக்கும் பிள்ளைக்கு இரும்பு குறைவு என்று யாருக்கும் தோன்றாது. இந்தக் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் இரும்புக் கணக்கை முதல் மாதங்களிலிருந்தே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிரசவ அறையிலேயே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் கட்டி வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் மிஞ்சியிருக்கும் ரத்தம் பிள்ளைக்குள் போய்ச் சேர்கிறது. ஸ்வீடனில் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடி வெட்டப்பட்ட குழந்தைகளுக்கு நான்கு மாதத்தில் இரும்புச் சேமிப்பு 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. தாய்க்கோ பிள்ளைக்கோ உடனே உதவி தேவைப்படும் நெருக்கடி இல்லாத பிரசவங்களில் இதைக் கேட்க எந்தக் குடும்பமும் தயங்க வேண்டாம். அட்மிஷன் போடும் அன்றே டாக்டரிடம் சொல்லிவைத்துவிடலாம்.