‘பிரஷர் நார்மல்’ என்ற சீட்டு சொல்லாதது

பினாங்கு ஜார்ஜ்டவுனின் மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் சுகாதார முகாம்களிலும் கண்ணில் ‘புஸ்’ஸென்று காற்றை ஊதி அழுத்தம் பார்ப்பது இப்போது சாதாரணம். வலி இல்லை, சில நொடி வேலை. சீட்டில் 21க்குக் கீழே ஓர் எண் வந்துவிட்டால், “பிரஷர் நார்மல்” என்ற சொல்லோடு ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த எண் இவ்வளவு நிம்மதியைத் தாங்காது. குளுக்கோமாவுக்குத் தமிழில் ‘கண் அழுத்த நோய்’ என்று பெயர் வைத்ததும் ஒருவகையில் வினையாகப் போயிற்று. பெயரைக் கேட்டாலே, அழுத்தம் ஏறினால்தான் நோய், ஏறாவிட்டால் இல்லை என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் நோய். அழுத்தம் அந்த நரம்பைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று. மருந்தால் தொட முடிந்த காரணமும் இன்றுவரை அது ஒன்றுதான்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கார்னியா என்னும் கண்ணாடிப் படலமும் ஐரிஸ் என்னும் வண்ணத் திரையும் சேரும் கோணத்தில் சல்லடை போன்ற ஒரு திசு இருக்கிறது. சுரந்த நீர் அதன் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. கோணமே மூடிக்கொள்வது ஒரு வகை நோய். அது திடீரென்று மூடினால் கண் சிவந்து, தலை பிளந்து, ஆள் தானே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். திறந்த கோண வகையில் மடைவாய் திறந்தே இருக்கும், சல்லடையில்தான் நீர் போகச் சிரமப்படும். வலியும் கிடையாது, சிவப்பும் கிடையாது. நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உண்டு. அவை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்போது பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகிறது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும், மீதியை மூளை இட்டு நிரப்பிவிடும். எதிரே இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிவதால், நடக்கும்போது தூணில் இடித்துக்கொள்பவர்கூடக் கண்ணைச் சந்தேகிப்பதில்லை.

இந்த 21 எங்கிருந்து வந்தது? 1950களில் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரின் கண்களை அளந்தார்கள். சராசரி 16 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி வந்தது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மட்டுமே தாண்டும் இடம் ஏறக்குறைய 21. அது ஊராரின் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு; எந்த அழுத்தத்தில் நரம்பு சாகத் தொடங்குகிறது என்று நரம்பைப் பார்த்து எழுதியதல்ல. போதாக்குறைக்கு, அளக்கும் கருவிகள் கார்னியாவின் தடிமனை ஒரு குத்துமதிப்பில் வைத்தே எண்ணைச் சொல்கின்றன. கார்னியா மெல்லியதாக இருப்பவருக்கு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

21 என்ற இந்த வேலி எவ்வளவு ஓட்டை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சங்கர நேத்ராலயாவின் மருத்துவர் எல். விஜயாவும் குழுவினரும் நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வு, 40 வயதைத் தாண்டியவர்களை வீடுவீடாகக் கணக்கெடுத்து, அழுத்தத்தோடு நரம்பையும், கண்ணுக்குத் தெரியும் பரப்பாகிய பார்வைப் புலத்தையும் சேர்த்துச் சோதித்தது. கிராமப் பகுதியில் 1.62 விழுக்காட்டினருக்குத் திறந்த கோண நோய், நகரத்தில் 3.51. கிராமத்தில் பிடிபட்ட 64 பேரில் 43 பேருக்கு அன்றைய அழுத்தம் 21 அல்லது அதற்கும் கீழே. முகாமில் காற்றை மட்டும் ஊதியிருந்தால் மூன்றில் இரண்டு பேர் ‘நார்மல்’ என்று திரும்பியிருப்பார்கள். தமக்கு இந்த நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தவர் அந்த 64 பேரில் ஒரே ஒருவர். ஜப்பானின் தஜிமி நகர ஆய்வில் ‘நார்மல்’ அழுத்தக்காரர்களின் பங்கு இன்னும் அதிகம்: நோயுள்ளவர்களில் 92 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. நமக்கு அருகே சிங்கப்பூரில் மலாய்க்காரர்களிடம் நடந்த ஆய்விலும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் இருப்பது தெரியாமலே இருந்தார்கள்.

ஒருமுறை அளந்ததை வைத்து இப்படிச் சொல்லலாமா என்று கேட்கலாம். அழுத்தம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் 24 இருந்தவருக்கு மாலையில் 19 இருக்கலாம். சரிதான். ஆனால் முகாமிலும் ஒரேயொரு முறைதான் அளக்கிறார்கள் என்பதால், இந்த வாதம் சீட்டின் மதிப்பை இன்னும் குறைக்கவே செய்கிறது.

அடுத்த கேள்வி இதைவிடக் கூர்மையானது. அழுத்தம் நார்மலாக இருந்தும் நரம்பு கெடுகிறது என்றால் குற்றவாளி அழுத்தம் இல்லையே, பிறகு எதற்கு ஆயுள் முழுக்க அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து? ஆராய்ச்சியாளர்களுக்கே இந்தச் சந்தேகம் வெகுகாலம் இருந்தது. ஊகத்தால் தீராத அதை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துத்தான் தீர்த்தார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வு, அழுத்தம் நார்மலாகவே இருந்த நோயாளிகளுக்கு அதிலும் 30 விழுக்காடு குறைத்துப் பார்த்தது. குறைத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது, விட்டுவைத்தவர்களில் 35. சுவீடனில் 255 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே திசைதான்: 45க்கு 62. பிரிட்டனில் 516 பேருக்கு லட்டானோபிராஸ்ட் சொட்டு அல்லது மருந்தே இல்லாத வெறும் சொட்டு கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். 24 மாதத்துக்குள் பார்வைப் புலம் சுருங்கியவர்கள் 15.2க்கு 25.6 விழுக்காடு. ஏரியில் நீர்மட்டம் ஒன்றாக இருந்தாலும் எந்தக் கரை உடையும் என்பது கரையைப் பொறுத்தது. கரை பலவீனம் என்றால் வழக்கமான மட்டத்துக்கும் கீழே நீரை இறக்குகிறோம். குறைத்தும் சிலருக்கு நோய் முன்னேறியது என்பதையும் இந்த எண்களிலேயே பார்க்கலாம்; இரத்த ஓட்டம், மரபு என்று வேறு காரணங்களும் உள்ளே இருக்கின்றன.

21 மறுபக்கத்திலும் தவறு செய்கிறது. அமெரிக்காவில் அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தாண்டில் மருந்து போட்டவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. மருந்து பாதிக்குப் பாதி காக்கிறது என்பது ஒரு வாசிப்பு. மருந்தே போடாவிட்டாலும் பத்தில் ஒன்பது பேர் அந்த ஐந்தாண்டில் தப்பினார்கள் என்பது இன்னொன்று, அதுவும் அதே அளவு உண்மை. ஆகவே 25 என்று கண்டதும் எல்லாருக்கும் சொட்டு எழுதித் தருவதும் சரியில்லை. டிமோலால் போன்ற சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். வயது, கார்னியாவின் தடிமன், நரம்பின் முகப்பில் இழைகள் உதிர உதிரப் பெரிதாகும் குழி மூன்றையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சரி, அப்படியானால் ஊரிலுள்ள எல்லாருடைய நரம்பையும் பார்ப்பதா? அதற்குக் கட்டுப்படியாகுமா? அறிகுறியில்லாத எல்லாரையும் சோதிப்பதால் நன்மை உண்டென்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இலும் சொன்னது. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஏற்கெனவே நடக்கும் வேலையைக் கொஞ்சம் திருப்பிவிடலாம். மலேசியாவின் 2014 தேசியக் கண் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்குக் கண்புரை 58.6, இனிப்பு நீர் 10.4, குளுக்கோமா 6.6 விழுக்காடு காரணம். புரையை அறுத்தால் பார்வை திரும்பும், குளுக்கோமாவில் போனது போனதுதான். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். பார்வை நரம்பின் முகப்பும் அதே படத்தில்தான் விழுகிறது. இரத்தக் கசிவைத் தேடும் கண் அந்தக் குழியையும் ஒரு நிமிடம் பார்த்தால் கூடுதல் செலவு அதிகமில்லை. பிறவியிலேயே குழி பெரிதாக இருப்பவர்களும் உண்டு, ஆகையால் வீண் பயம் சிலருக்கு நேரும். பார்வைப் புலச் சோதனை அதைத் தெளிவாக்கும்.

இரத்த உறவினரின் கதை வேறு. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வின்படி, நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் 80 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு 22 விழுக்காடு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு 2.3. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்குச் சொட்டு மருந்து வாங்க வரும் நோயாளியோடு துணைக்கு வந்து, வெளியே நாற்காலியில் காத்திருக்கும் தம்பியையும் மகளையும்தான் முதலில் உள்ளே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.