நம் வீட்டுக் கருவிகளுக்கு மணி சொல்வது யார்?

முசிறியில் தனியே வசிக்கும் என் தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலை ஆறு மணி மாத்திரையை மறவாதிருக்கும் பொருட்டு, வைஃபை வழியே இயங்கும் அறிவிப்பு மணி ஒன்றை வாங்கி வைத்தோம். ஒருநாள் இரவு மின்சாரம் நின்று, ஒரு மணிக்கு மீண்டது. ஒன்றரைக்கு அந்த மணி ஒலித்தது. அம்மா எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, ஏன் இன்னும் விடியவில்லை என்று வாசலில் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டார் கண்டு எங்களுக்குத் தொலைபேசியில் கூறினர்.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். மலிவான இத்தகைய கருவிகள் பலவற்றில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். மீண்டும் உயிர் பெறுகையில், கணிப்பொறிகள் நாள் எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். அன்று கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் நமக்கு அதிகாலை 5.30. அரைமணி கழிந்ததும் அக்கருவிக்கு 'ஆறு மணி' ஆயிற்று! இணையத்தைக் கேட்டிருந்தால் திருத்திக்கொண்டிருக்கும். ஆனால் வீட்டு ரவுட்டர் அன்றிரவு எழவேயில்லை.

கேட்பது எவ்வாறு? நம் ஊரில் இரயில் இல்லை. காவிரிப் பாலம் கடந்தால் குளித்தலை நிலையம். நம் வீட்டுக் கடிகாரம் 10.00 காட்டும்போது ஒரு சிறுவனை மிதிவண்டியில் அனுப்புகிறோம். அவன் நிலையத்தில் 10.17 என்று குறித்துக்கொண்டு உடனே திரும்புகிறான், இங்கே 10.30. பயணம் முப்பது நிமிடம், அதில் பாதி பதினைந்து. ஆகவே அவன் திரும்பிய வேளையில் சரியான நேரம் 10.32; நம் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியுள்ளது. போகும்போது மட்டும் பாலத்தில் லாரிகள் மறித்திருந்தால் இக்கணக்குப் பிசகும். ஆதலால் பல நிலையங்களைப் பலமுறை கேட்டு ஒப்பிடுவது நன்று. இம்முறையை 1985-இல் வகுத்தளித்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 2024 ஜனவரியில் மறைந்தார்.

நம் நாட்டின் 'நிலையக் கடிகாரம்' புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் அணுக்கடிகாரங்களே. இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1 முதல் வழங்குகிறது. அது 82½ பாகைக் கிழக்குக்கு உரியது. நம் முசிறியில் சூரியன் அதற்கு ஏறத்தாழ 16 நிமிடம் பிந்தியே உச்சி சேர்கிறான். கோவில் மணி கேட்டுக் கடிகாரம் திருத்திய நம் பாட்டனார் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்!

இனிச் செய்யவேண்டியது. கருவியின் செயலியில் நேர மண்டலம் 'ஆசியா/கொல்கத்தா', அதாவது +5.30 என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நேரச் சேவையகம் குறிக்கும் இடமிருந்தால், ஆய்வகத்தின் 'டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க்' என்ற முகவரியோடு வேறு இரண்டு மூன்றையும் ஆங்கில எழுத்தில் இடுங்கள். ஒன்று பொய் சொன்னால் மற்றவை காட்டிக்கொடுக்கும். வாசல் கேமராவையும் மறவாதீர்கள். திருட்டு நடந்தால் காவல்துறையினர் முதலில் கேட்பது மணியைத்தான்.

ரவுட்டரை இன்வெர்ட்டரோடு இணைப்பது யாவற்றினும் முக்கியம். பின்னர் ஒரு பகற்பொழுதில் மெயின் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டு, ஒவ்வொரு கருவியும் என்ன மணி காட்டுகிறது என்று பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தோம். அத்துடன், அம்மாவின் மாத்திரை டப்பாவுக்கு அருகே சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றையும் வைத்திருக்கிறோம்.