பெரிய ஊர், மூன்று பைகள் – 4: எத்தனை ஆணி, எத்தனை காது

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எங்கள் மூவரையும் ஹவுராவில் இறக்கிவிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பட்டறைக்காரன், ஜவுளிக்கடைக்காரன், நான் என்று கோவில்பட்டி நண்பர்கள் மூவர், 1997 தை மாதம் கல்கத்தாவுக்குப் போன கதை இது.

இந்த வாரம் டிராம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். டிராமைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஹவுராவிலிருந்து டிராமுக்குப் போகும் வழியில் ஒரு பாலம் குறுக்கே கிடக்கிறது. செவ்வாய் மாலைக்குள் பக்கங்களைக் கொடுத்தாக வேண்டும். ஞாயிறும் திங்களும் பாலத்திலேயே போய்விட்டன. பட்டறைக்காரனுக்குப் போன் போட்டேன், அவன் ஒரு மணி நேரம் பேசினான். இனி டிராமை அடுத்த வாரம்தான் பிடிக்க முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹவுரா என்பது கல்கத்தா இல்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியாது. சென்னைக்குப் போகிறவன் எழும்பூரில் இறங்கினால் சென்னையில்தான் நிற்கிறான். அதேபோல் ரயில் நம்மை ஊருக்குள் கொண்டுபோய் வைக்கும் என்று நினைத்திருந்தோம். சிவப்புச் செங்கல் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஹூக்ளி ஆறு. ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளி என்ற ஊருக்கு முதல் ரயில் ஓடியபோது இந்த இடத்தில் பாலமே கிடையாது. ரயில் ஏறப் போகிறவர்கள் ஆற்றைப் படகில் கடந்தார்கள். 1874இல்தான் மிதவைகளின் மேல் ஒரு பாலம் வந்தது. கப்பல் போக வேண்டுமென்றால் அதன் நடுப்பகுதியைத் திறந்துவிட வேண்டும், அதுவரை வண்டியும் ஆளும் இரு கரையிலும் காத்துக் கிடக்க வேண்டும். அப்படி எத்தனையோ பேர் அக்கரையில் தெரிந்த ஊரைப் பார்த்தபடி மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவனை ஆற்றங்கரையில் நிறுத்திவைத்து, நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லும் ஊர் அது. எங்களையும் அப்படித்தான் நிறுத்தியது.

ஜவுளிக்கடைக்காரனுக்கு முதலாளி படபஜாரில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் டிராம் ஏறினால் பாலத்தைத் தாண்டிவிடலாம் என்பது அவர் எழுதிக் கொடுத்த குறிப்பு. "தாதா, டிராம்?" என்று நாலு பேரிடம் கேட்டோம். நாலு பேரும் கையை அக்கரைக்கு நீட்டினார்கள். பாலத்தின் மேல் டிராம் ஓடுவது 1993இலேயே நின்றுபோயிருந்தது. முதலாளி கல்கத்தா பார்த்தது அதற்கு முன்னால்.

ஆகவே நடந்தோம், அந்த மிதவைப் பாலத்துக்குப் பிறகு வந்த எஃகுப் பாலத்தின் மேல். ஆளுக்கொரு பை, பட்டறைக்காரன் கையில் கூடுதலாகக் கடலைமிட்டாய் டின். நடைபாதை மட்டும் பதினைந்து அடி அகலம், அதில் கால் வைக்க இடமில்லை. தலையில் கூடை, தலையில் இரும்புக்கட்டு, தலையில் நாற்காலி என்று எங்களை முட்டாமல் உரசாமல் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பையை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நானும் ஜவுளிக்கடைக்காரனும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தால் பட்டறைக்காரனைக் காணோம்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டான் என்று பதறித் திரும்பி ஓடினோம். அவன் தொலையவில்லை. பாலத்தின் ஒரு தூணருகே பையையும் டின்னையும் கீழே வைத்துவிட்டு, எஃகில் வரிசை வரிசையாகப் புடைத்திருந்த குமிழ்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றான்.

"ஏலே, இங்க வா. இதுல ஒரு நட்டு இருக்கான்னு பாரு."

பார்த்தோம். இல்லை.

"ஒரு போல்ட்டு கூட இல்லல. அம்புட்டும் ரிவிட்டு."

எங்கள் இருவருக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அங்கே ஏதோ நடக்கிறது என்று புரிந்தது.

போல்ட் என்றால் ஸ்பானரை எடுத்து முறுக்குகிறோம். ரிவிட் அப்படியில்லை. ஒரு பக்கம் மட்டும் தலை உள்ள ஆணியை உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சுவார்கள். கிடுக்கியில் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தகடுகளின் துளைக்குள் செருகுவார்கள். தலைப்பக்கம் ஒருவர் முட்டுக் கொடுத்து அழுத்திக்கொள்ள, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை இன்னொருவர் சம்மட்டியாலோ காற்றுச் சுத்தியலாலோ அடித்து இன்னொரு தலையாக்குவார். சூடு ஆறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். ஆற ஆற ஆணி சுருங்கும். சுருங்கும்போது இருபுறத் தகடுகளையும் தன்னோடு இழுத்து இறுக்கும். வண்டி அதிர்விலும் கழன்று வராது. அந்தக் காலத்துப் பெரிய எஃகுப் பாலங்கள் எல்லாமே இப்படி எழுந்தவைதான். ஹவுரா பாலத்தில் போல்ட் இல்லை என்பதை மந்திரம்போல் சிலர் சொல்வார்கள். எனக்கு அது மந்திரமாகத் தெரியவில்லை, ஒவ்வொரு ஆணிக்குப் பின்னாலும் நின்ற மனிதர்களின் கைவேலையாகத் தெரிகிறது.

பட்டறைக்காரனுடைய தாத்தா பஞ்சாலைக் கொதிகலன்களுக்கு ரிவிட் அடித்தவர். கொதிகலனுக்குள்ளே ஒருவர் இறங்கி முட்டுக் கொடுக்க வேண்டும். வெளியே இருந்து விழும் ஒவ்வொரு அடியும் உள்ளே இருப்பவர் தலைக்குள் விழும். இளம் வயதில் உள்ளே இறங்கும் ஆளாக இருந்தவர் தாத்தா. நாங்கள் அவரைப் பார்த்த காலத்தில் அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. பள்ளிக்கூடம் விட்டு அவன் வீட்டுக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரிப்பார். கொதிகலன் வேலைக்காரர்களுக்குக் காது போவது உலகம் முழுக்க அந்தத் தொழிலோடு வந்த நோய் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று பாலத்தில் நின்றபடி, யாரிடம் என்றில்லாமல் பட்டறைக்காரன் கேட்டான்:

"இத்தன ஆணிக்கு எத்தன காது போயிருக்கும் மாப்ள?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. ஆனால் இந்தத் தொடரை எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அந்தக் கேள்வியே காரணம். புதிய ஊரின் மிரட்டல் அவனை விட்டு விலகிய நிமிடம் அது. நானும் ஜவுளிக்கடைக்காரனும் இன்னும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். அவன் பையைத் தரையில் வைத்துவிட்டான். தன் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒன்றை அவன் அங்கே பார்த்துவிட்டான், அதனால் அவனுக்கு அது அந்நிய ஊராக இல்லாமல் போயிற்று.

பாலத்தின் கணக்கைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். மொத்த எஃகு 26,500 டன். அதில் 23,000 டன் டாடா ஆலையில் உருக்கியது. இரண்டு கோபுரங்களும் 280 அடி உயரம். அவற்றுக்கு இடையே 1,500 அடி, ஆற்றில் ஒரு தூண் கூடக் கிடையாது. இரு கோபுரங்களிலிருந்தும் 468 அடி நீளத்துக்கு இரண்டு கைகள் ஆற்றின் மேல் நீள்கின்றன. அவை தாங்கிப் பிடித்திருக்கும் நடுத்துண்டு 564 அடி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இரு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்த்த அந்தத் துண்டை இணைக்க, ஒவ்வொன்றும் 800 டன் தாங்கும் பதினாறு ஹைட்ராலிக் ஜாக்கிகள் வேண்டியிருந்தன. ஜாக்கி கணக்கைப் போனில் சொன்னபோது பட்டறைக்காரன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபுரங்களுக்கு அஸ்திவாரம் போட்ட விதம் நமக்கு அந்நியமானதல்ல. நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையை மண்மேல் வைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ள அள்ள, உறை தன் பாரத்தில் தானே கீழே இறங்கும். ஹவுராவில் செய்ததும் அதேதான். அங்கே இறக்கிய 'உறை' ஏறத்தாழ 180 அடி நீளம், 80 அடி அகலம், உள்ளே 21 கிணறுகள். ஒரு இரவு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது அடிமண் சட்டென்று விட்டுக்கொடுத்து, அந்த முழுப் பாரமும் இரண்டு அடி தொப்பென்று இறங்கிவிட்டது. கல்கத்தாவின் கிதிர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதை நிலநடுக்கம் என்றே பதிவு செய்தது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

அள்ளிய சேற்றில் வந்தவை: நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள். அந்தப் பட்டியலில் என் மனம் பித்தளைப் பாத்திரத்தில் போய் நிற்கிறது. படகில் ஆற்றைக் கடந்தபோது கை நழுவவிட்டவர்களில் ஒருவராவது எங்களைப்போல் அன்றுதான் அந்த ஊருக்கு வந்தவராக இருந்திருப்பார். புதிய ஊரின் முதல் நாளில் வீட்டுச் செம்பு ஆற்றோடு போவது எப்பேர்ப்பட்ட இழப்பு!

பாலம் திறந்த கதையும் என்னை விடுவதாயில்லை. 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. இவ்வளவு பெரிய பாலம் தயார் என்று மேளம் கொட்டி அறிவித்தால் அதுவே எதிரிக்கு இலக்காகிவிடும். ஆகவே 1943 பிப்ரவரி 3 அன்று விழா இல்லாமலே திறந்துவிட்டார்கள். முதலில் அதைக் கடந்து போனது ஒற்றை டிராம். அத்தனை காதுகளைக் கொடுத்துக் கட்டிய பாலத்துக்கு ஒரு கைத்தட்டல் கூட இல்லை.

முதல் நாள் இப்படிப் போயிற்று. இரண்டாம் நாள் படபஜாரில் ஜவுளிக்கடைக்காரனின் வேலை. மொழி தெரியாமலே துணியை விரலால் தடவி, விரலாலேயே விலை பேசி முடித்தான். லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குரல்கள் கேட்டு, இட்லியும் சாப்பிட்டோம். அதற்குத் தனி வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடியுமுன்பே பட்டறைக்காரன் எங்களை எழுப்பிவிட்டான். மறுபடி பாலம். கல்கத்தாக் கரையில் பாலத்தின் காலடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. செவ்வந்தி மாலைகளை வடக்கயிறுபோல் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டு பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஆரஞ்சும் மஞ்சளும் குவிந்து கிடக்க, மேலே இரும்பு வானம். பூவை முழம் போட்டு வாங்கும் ஊரிலிருந்து போன எங்களுக்கு, பூ அங்கே பாரமாகச் சுமக்கப்படுவதே வியப்பாக இருந்தது.

சந்தையிலிருந்து பாலத்துக்கு ஏறியபோது ஜவுளிக்கடைக்காரன் வாயில் வெற்றிலை. தூணோரம் சிவந்து கிடந்த இடத்தைப் பார்த்து அவனும் குனிந்தான். பட்டறைக்காரன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"இங்க துப்பாத மாப்ள."

"எல்லாருந்தான் துப்பிருக்கான்."

"எங்க தாத்தா வேலல இது. துப்பாத."

அது தாத்தா செய்த பாலமில்லை. தாத்தா கோவில்பட்டியைத் தாண்டியதேயில்லை. ஆனால் ஜவுளிக்கடைக்காரன் மறுபேச்சுப் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு பாலம் முடியும்வரை நடந்து, அக்கரையில் மண்ணைப் பார்த்துத் துப்பினான். பல ஆண்டுகள் கழித்து, வெற்றிலை எச்சிலும் சுண்ணாம்பும் அந்தத் தூண்களின் அடிப்பகுதியை அரித்துக்கொண்டிருப்பதாகவும், கண்ணாடியிழை உறை போட்டுக் காப்பதாகவும் செய்தி வந்தது. நாளிதழை மடித்து எடுத்துக்கொண்டு இருவரிடமும் காட்டப் போனேன். ஜவுளிக்கடைக்காரன் அதைப் படித்துவிட்டு, "அன்னைக்கு ஒரு வாய் மிச்சம்" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல்லில் அவனுக்கிருந்த நிறைவை நான் மறக்க மாட்டேன்.

அன்று மாலை வடக்கே போகும் படகில் ஏறினோம். படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது மேலே வண்டிகளின் ஓசை ஒரே முழக்கமாக இறங்கியது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள், பேசினாலும் கேட்காது. பட்டறைக்காரன் அண்ணாந்து பார்த்தபடி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டான். சத்தத்துக்காகப் பொத்தினான் என்றுதான் அன்று நினைத்தேன்.

இந்த வாரம் போனில் கேட்டேன். "இல்லடா, தாத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்தேன்" என்றான்.

பாலத்தை முதலில் கடந்த அந்த டிராம் இப்போது அதன் மேல் இல்லை. அதைத் தேடித்தான் நாங்கள் மறுநாள் காலை மகாத்மா காந்தி சாலையில் நின்றோம். அடுத்த வாரம் கட்டாயம் டிராம்.

(தொடரும்)